ராத்திரி பத்து மணிக்கு ஃபில்டரை அணைக்காமல் இருக்க

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மீன் தொட்டிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அண்ணா, ராத்திரி மட்டும் மோட்டாரை ஆஃப் பண்ணிக்கலாமா? சத்தத்துல தூக்கமே வரமாட்டேங்குது." கடைக்காரரும் வியாபாரம் கெடக்கூடாதே என்று "பண்ணிக்குங்க சார், ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிடுவார். ஆகும். அதுவும் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே ஆகும்.

ஃபில்டரை வெறும் சல்லடையாக நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. பெரிய வேலையைச் செய்வது ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங் என்கிற பீங்கான் வளையங்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். இந்த பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் இடைவிடாமல் வேண்டும். ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் ஆக்ஸிஜனைக் கொஞ்ச நேரத்திலேயே அது தின்று தீர்த்துவிடும். செடி வைத்த தொட்டியாக இருந்தால் இரவில் செடியும் ஆக்ஸிஜனை எடுக்கத் தொடங்கும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் முந்தின இரவு நடந்தது இதுதான்.

இதில் வெயிலின் பங்கு பெரிது. 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.5 தான். மே மாதம் திருப்பாப்புலியூரிலோ முத்தியால்பேட்டையிலோ மாடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி தொடுவது சாதாரணம். அந்தச் சூட்டில் மீனும் பாக்டீரியாவும் கூடுதலாக மூச்சு வாங்கும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது.

அம்மோனியாவும் சூட்டில் கொடியதாகும். பி.ஹெச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதுவே பி.ஹெச். 8 ஆகி, சூடு 30 டிகிரியாக இருந்தால் 7 சதவீதத்தைத் தாண்டும். கடலோரத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேலேதான் நிற்கும். ஆகவே குளிர்நாட்டு வீடியோ பார்த்து "சின்ன ஃபில்டரே போதும்" என்று முடிவெடுப்பது இங்கே சரிப்பட்டு வராது.

ராத்திரியும் ஓட வேண்டும், சத்தமும் வரக்கூடாது என்றால் முதலில் எது சத்தம் போடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மீன் தொட்டியில் வரும் சத்தம் இரண்டே வகைதான். ஒன்று இயந்திரத்தின் அதிர்வு: உர்ர் என்று இழுப்பது, கடகடப்பது. இன்னொன்று காற்றும் தண்ணீரும் மோதும் சத்தம்: குளுகுளு, சலசல. அதிர்வால் மீனுக்கு ஒரு பயனும் இல்லை, அதை முழுதாக ஒழிக்கப் பார்க்கலாம். இரண்டாவதை அப்படி ஒழிக்க முடியாது, அந்தச் சத்தம் வரும் இடத்தில்தான் தண்ணீர் மூச்சு வாங்குகிறது. ஆனால் குமிழி வெடிக்காமலே மேல்மட்டத்தை அசைக்க வழி இருக்கிறது. படுக்கையறைத் தொட்டிக்கு ஃபில்டர் தேர்ந்தெடுப்பதில் இருக்கிற சூட்சுமம் இதுதான். பிராண்டு அதற்குப் பிறகுதான்.

குமிழிதான் தண்ணீருக்குள் ஆக்ஸிஜனைக் கரைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு அடி ஆழத் தொட்டியில் குமிழி மேலே வர ஒன்றிரண்டு நொடிதான். அதற்குள் கரைவது கொஞ்சம். மேலே வந்து தண்ணீரைக் கலக்குகிறதே, அதில்தான் பெரும்பங்கு கரைகிறது. அந்தக் கலக்கலைத் தண்ணீர் ஓட்டமே தரும் என்றால் குமிழியே வேண்டாம்.

ஏர் பம்ப்

நம்மூரில் அதிகம் விற்பது ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதை ஓட்டும் ஏர் பம்ப்பும்தான். மலிவு, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை, குட்டி மீனையும் இறாலையும் உறிஞ்சிவிடாது, மோட்டார் வெளியே இருப்பதால் தண்ணீரைச் சூடாக்காது. குறை என்றால் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கும் ஸ்பாஞ்சுக்கும் சம்பந்தமில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு ஏர் பம்ப்பைத் திறந்து பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். அடியில் ரப்பர் கால்கள், பல மாடல்களில் அந்தக் கால்களுக்குள்ளேயே ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள், அதன் முனைக்கு எதிரே காந்தம் பதித்த ஒரு கை, கையோடு பிணைத்த கிண்ண வடிவ ரப்பர் டயாஃப்ரம், அதன் பின்னால் மெல்லிய ரப்பர் இதழ்கள் கொண்ட சின்ன வால்வுப் பெட்டி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. காந்தக் கையும் நொடிக்கு 50 தடவை ஆடி டயாஃப்ரத்தை அமுக்கி இழுக்கிறது. இவ்வளவுதான் இயந்திரம். புதிதில் அமைதியாக இருந்த பம்ப் ஆறு மாதத்தில் கத்தத் தொடங்கினால் நான்கு இடங்களில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். கை நடுவிலிருந்து விலகிச் சுருளின் இரும்பில் தட்டினால் கடகடவென்று வரும். கையின் பிடியைத் தளர்த்தி நடுவில் வைத்து முடுக்கினால் நின்றுவிடும். டயாஃப்ரத்தில் கீறல் விழுந்தால் சத்தம் கூடும், காற்று குறையும். மாற்ற வேண்டும், சில மாடல்களுக்கு ரப்பர் தனியாகக் கிடைக்கும். வால்வு இதழில் தூசு ஒட்டினாலும் காற்று குறையும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். நான்காவது, அடியில் காற்று நுழையும் துளையில் இருக்கும் வெள்ளை ஃபெல்ட் துண்டு. அதைப் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. தூசி அப்பிக் கறுத்துப் போயிருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்துத் திரும்ப வையுங்கள்.

பம்ப்பைக் கொன்றுபோடுவது பெரும்பாலும் எதிர்முனையின் அடைப்பு. டியூப் முனையில் காற்றைப் பொடிக் குமிழியாக்கும் கல்லான ஏர் ஸ்டோன் சுண்ணாம்பு பிடித்து அடைந்துவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் டயாஃப்ரம் முக்கும். சத்தம் கூடும், ரப்பர் கிழியும். காற்று அதிகமாக வருகிறது என்று டியூபை மடித்து நூல் கட்டுவதும் இதே கெடுதலைச் செய்யும். கட்டாதீர்கள். ஒரு 'டி' இணைப்புப் போட்டு, மூன்றாவது வாயில் சின்ன வால்வு வைத்து, மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடுங்கள். பம்ப் லேசாக ஓடும், சத்தமும் இறங்கும்.

அடுத்தது பம்ப் உட்காரும் இடம். மரப் பலகை மேலோ தொட்டியின் மூடி மேலோ வைத்தால் அந்தப் பலகை மொத்தமும் மேளத்தோலாக மாறிவிடும். பம்ப் சுவரில் உரசினாலும், டியூப் விறைப்பாக மேசை விளிம்பில் அழுந்தினாலும் அதே கதை. ஒரு அங்குல தடிமன் ஸ்பாஞ்சோ பழைய மவுஸ் பேடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகவோ வையுங்கள். பம்ப்பைத் துணியில் பொதிந்து வைப்பது வேண்டாம். அடியில் உள்ள காற்றுத் துளை மூடிக்கொள்ளும், சுருளும் சூடேறும். இன்னும் நல்ல வழி, ஒரு துணிக் கயிற்றில் கட்டி அலமாரிக்குள் எதிலும் படாமல் தொங்கவிடுவது. டியூப் பிளாஸ்டிக்காக இல்லாமல் சிலிக்கானாக இருக்கட்டும். பிளாஸ்டிக் டியூப் வெயிலில் விறைத்து அதிர்வைத் தொட்டிக் கண்ணாடிக்குக் கடத்தும்.

பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். கரண்ட் போனதும் டியூப் வழியே தண்ணீர் திரும்பி இறங்கிப் பம்ப்பை நனைத்து, பிளக் பாயிண்ட் வரை வரும். வால்வை மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகக்கூடாது. ஊதிய காற்று வெளியே வரும் முனைதான் தொட்டிப் பக்கம். உள்ளே இருக்கும் ரப்பர் நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை இதே சோதனையைச் செய்துவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

ஸ்பாஞ்ச் பக்கம் செய்ய வேண்டியது ஒன்றே. ஸ்பாஞ்சின் நடுவே குமிழி மேலேறும் குழாய்க்குள் காற்று டியூபை அப்படியே சொருகினால் பெரிய குமிழி வரும், குளுக் குளுக்கென்று வெடிக்கும். டியூப் முனையில் விரல்நுனி அளவு ஏர் ஸ்டோன் மாட்டி, அதைக் குழாயின் அடிவரை இறக்குங்கள். குமிழி பொடியாகும், சத்தம் பாதிக்கு மேல் குறையும், தண்ணீரும் அதிகம் ஏறும். குழாயின் மேல்வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சென்டிமீட்டர் இறங்கி, கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கட்டும். மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஏப்பம் விடுகிற மாதிரி சத்தம் வரும்.

மற்ற வகைகள்

முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் இன்டர்னல் ஃபில்டரைத்தான் படுக்கையறைக்கு நான் முதலில் சொல்வேன். கடையில் "பவர் ஹெட்" என்று கேட்டாலும் தருவார்கள். மணிக்கு 300 லிட்டர் தள்ளும், 5 முதல் 7 வாட் இழுக்கும் சின்ன மோட்டார், அதன் உறிஞ்சுவாயில் பெரிய ஸ்பாஞ்ச். தண்ணீரே மோட்டார் சத்தத்தை அமுக்கிவிடும். வெளியேறும் வாயை மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் மேல்மட்டம் முழுக்க நெளியும்; குமிழியே இருக்காது. கூடவே வரும் வெஞ்சுரி டியூபை, அதாவது வெளிக்காற்றை ஓட்டத்துக்குள் இழுக்கும் டியூபை, மாட்டாதீர்கள். அது சுர்ரென்று இழுத்துக்கொண்டே இருக்கும், மேல்மட்டம் நெளியும்போது அதற்குத் தேவையும் இல்லை.

இதிலும் அதிர்வு வரும் இடம் ஒன்று உண்டு: கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப். புதிதாக இருக்கும்போது மெத்தென்று இருந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஒரு வருஷத்தில் விறைத்துப்போய் மோட்டார் கண்ணாடியில் நேரடியாக உரசத் தொடங்கும். கப்பை மட்டும் மாற்றினால் போதும். இன்னொரு குறை சூடு. மோட்டார் இழுக்கும் வாட் முழுவதும் கடைசியில் தண்ணீருக்குள்தான் சூடாக இறங்கும். 45 லிட்டர் தொட்டியில் 20 வாட் மோட்டார் போட்டு, மேலே கண்ணாடி மூடியும் போட்டால், கோடையில் அந்தச் சூடு உறைக்கும். வாட் குறைந்ததைப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

தொட்டியின் பின்பக்க விளிம்பில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டர் நல்ல சாமான்தான், ஆனால் நம்மூர்க் கோடைக்கு ஒரு தொல்லை வைத்திருக்கிறது. நீர் ஆவியாகி மட்டம் இரண்டு விரல் இறங்கியதும் அருவி மாதிரி கொட்டத் தொடங்கும். தினமும் மட்டத்தை ஏற்றி வைக்க முடிந்தால் வாங்குங்கள். மோட்டார் தண்ணீருக்குள் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது முக்கியம். மட்டத்துக்கு மேலே மோட்டார் இருக்கும் சில மாடல்கள் கரண்ட் போய் வந்தால் தண்ணீரைத் திரும்ப இழுக்காமல் வெறுமனே சுற்றும். கூட வரும் கார்ட்ரிட்ஜை மாதம் ஒன்று மாற்றச் சொல்வது கார்ட்ரிட்ஜ் விற்பதற்குத்தான். மாற்றும்போது பாக்டீரியாவும் குப்பைக்குப் போகிறது. அந்த இடத்தில் ஸ்பாஞ்சையும் செராமிக் ரிங்கையும் போட்டுவிடுங்கள்.

மோல்டட் தொட்டிகளோடு வரும், மேலே உட்காரும் டாப் ஃபில்டரில் சத்தம் முழுக்க நீர் விழுவதில்தான். விழும் துளையில் ஒரு துண்டு பி.வி.சி. குழாயைச் சொருகி மட்டம் வரை இறக்கினால் தீர்ந்தது. அடியில் கல்லுக்குக் கீழே போடும் அண்டர்கிராவலை நான் சொல்ல மாட்டேன். அடைத்துக்கொண்டால் தொட்டியையே கலைக்க வேண்டும்.

தொட்டி மூன்றடிக்கு மேல் போனால் கேனிஸ்டர். வெளியே, தொட்டிக்குக் கீழே அலமாரியில் உட்காரும் மூடிய டப்பா. உண்மையிலேயே சத்தமில்லாதது இதுதான், இடமும் ஏராளம். ஈஹெய்ம் கிளாசிக் 250 மணிக்கு 440 லிட்டருக்கு 8 வாட். சன்சன் ஹெச்டபிள்யூ-603பி 400 லிட்டருக்கு 6 வாட். ஒரு குண்டு பல்பு இழுப்பதில் பத்தில் ஒரு பங்குதான் இது. மாட்டிய முதல் நாள் கரகரவென்று சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ஓடும்போதே டப்பாவை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்தால் கொத்தாகக் காற்று வெளியேறும். ஒரு நாளுக்கு மேலும் சத்தம் தொடர்ந்தால், உறிஞ்சுகுழாய் பக்கத்தில் ஏர் ஸ்டோன் இருக்கிறதா பாருங்கள். குமிழியை அதுதான் உள்ளே இழுக்கிறது. அதுவும் இல்லையென்றால் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் தூசியோ மடிப்போ இருக்கும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலின் பல ரப்பர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

உள்ளே அடுக்கும் வரிசை: தண்ணீர் முதலில் தொடும் தட்டில் பெரிய கண் ஸ்பாஞ்ச், அடுத்து செராமிக் ரிங், கடைசியில் வெள்ளைப் பஞ்சு. பஞ்சை முதலில் வைத்தால் ஒரே வாரத்தில் அடைத்து ஓட்டம் சாகும். கார்பன் தினசரித் தேவை இல்லை. மருந்து போட்ட பிறகு அதை வெளியே எடுக்கப் போடலாம், மூன்று நான்கு வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும்.

எவ்வளவு பெரிது?

தொட்டியை முதலில் அளந்துவிடுங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று தொட்டி ஏட்டுக் கணக்கில் 56 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி போக உண்மையில் 45 லிட்டர்தான் இருக்கும். மூன்றுக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்றால் 127 லிட்டர், கையில் நிற்பது 105 பக்கம்.

தொட்டித் தண்ணீர் மணிக்கு நான்கிலிருந்து ஆறு தடவை ஃபில்டருக்குள் போய் வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண், உள்ளே பஞ்சும் ரிங்கும் இல்லாமல், மேலே ஏற்ற வேண்டிய உயரமும் இல்லாமல் அளந்தது. உண்மையில் பாதியோ அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் வரும். ஆக 45 லிட்டர் தொட்டிக்கு 300, 400 என்று போட்ட மோட்டார் சரி. கோல்டு ஃபிஷ் என்றால் கழிவு அதிகம், ஒரு படி மேலே போங்கள். ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் ஓட்டம் பிடிக்காது. வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு ஓட்டத்தை உடையுங்கள். அவை மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கும் மீன்கள் என்பதால் ஃபில்டரே வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. மீன் காற்றை விழுங்கிவிடும், பாக்டீரியா எங்கே போய் விழுங்கும்?

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் எக்ஸ்ஒய்-380 என்று விற்கும் இரட்டை ஸ்பாஞ்ச் மாதிரி இரண்டடித் தொட்டிக்குச் சௌகரியம். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று என்று கழுவலாம், பாக்டீரியா ஒரேயடியாகப் போகாது. ஸ்பாஞ்சின் கண் அங்குலத்துக்கு 20 முதல் 30 துளை இருந்தால் நல்லது. விரலால் தேய்த்துப் பார்த்தால் சொரசொரவென்று இருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி நெருக்கமாக இருந்தால் சீக்கிரம் அடைக்கும்.

மூன்றடிக்கு மேற்பட்ட தொட்டிக்கு என் யோசனை: ஒரு கேனிஸ்டர், கூடவே ஒரு மூலையில் சின்ன ஸ்பாஞ்ச். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று தாங்கும். கரண்ட் போகும்போதும் அந்த மூலை ஸ்பாஞ்ச்தான் கைகொடுக்கும்.

கடையில் வாங்கும்போது "சைலன்ட்" என்று எழுதியிருப்பதையும் டெசிபல் எண்ணையும் நம்ப வேண்டாம். எவ்வளவு தூரத்தில், எதன்மேல் வைத்து அளந்தார்கள் என்று போட்டிருக்காது. ஏர் பம்ப்பை ஓடவிட்டு உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கடை இரைச்சலில் காது ஏமாறும், கை ஏமாறாது. டியூபை ஒரு அடி ஆழத் தண்ணீருக்குள் விட்டபடி ஓட்டச் சொல்லுங்கள். சுமை இல்லாதபோது அமைதியாக இருக்கும் பம்ப் சுமை ஏறியதும் வேறு குரலில் பேசும். தண்ணீருக்குள் ஓடும் மோட்டாரை மட்டும் வெறுமனே ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். அதன் தண்டுக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

உப்புத் தண்ணீர் ஊரில் பராமரிப்பு

தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை என்று கடலை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதலாக இருப்பது புதிதல்ல. மோலி, கப்பி மீன்களுக்கு அது பிடிக்கும், மோட்டாருக்குப் பிடிக்காது. மோட்டாரின் நடுவில் இருக்கும் இம்பெல்லர் ஒரு காந்த உருளை, முனையில் சின்ன இறக்கைகள், நடுவில் பீங்கான் தண்டு. நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3000 சுற்று. அந்தத் தண்டில் மெல்லிய வெள்ளைப் படலம் படிந்தாலே டர்ர்ர் என்று சத்தம் வரும், கரண்ட் வந்ததும் சுற்றத் தொடங்காமல் முக்கும். அமைதியாக ஓடிய மோட்டார் கத்துகிறது என்றால் பத்தில் எட்டு நேரம் காரணம் இதுதான்; மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, இம்பெல்லர் மூடியைத் திருகி, இறக்கையைப் பிடித்து நேராக இழுங்கள். பக்கவாட்டில் வளைத்தால் பீங்கான் தண்டு சட்டென்று ஒடியும். இம்பெல்லரையும் தண்டையும் வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மோட்டாரின் குழிக்குள் பட்ஸ் விட்டு வழவழப்பை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். சோப்பு கூடவே கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் மோட்டார் பல வருஷம் ஓடும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக்கூடாது. நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும், பாக்டீரியாவை அழிக்கத்தானே அதைப் போடுகிறார்கள். தொட்டித் தண்ணீரையே அரை பக்கெட் எடுத்து, அதில் மூன்று நான்கு தடவை பிழிந்தால் போதும். பளிச்சென்று ஆக வேண்டியதில்லை, பழுப்பு இருக்கட்டும். பஞ்சு, ஸ்பாஞ்ச், ரிங் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அடுத்த வாரம் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், மீன் சுருண்டு நிற்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. அதில் இன்னொரு சிக்கல். அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா தண்ணீரின் கார்பனேட்டைத் தின்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. சில வாரத்தில் பி.ஹெச். சரிந்து பாக்டீரியாவே வேலையை நிறுத்திவிடும். பாதி போர் தண்ணீர், பாதி ஆர்.ஓ. என்று கலந்து ஊற்றினால் இந்தத் தொல்லை வராது.

புது ஃபில்டரை மாட்டிய அன்றே பழையதை எடுத்துவிடாதீர்கள். இரண்டும் நான்கு வாரம் சேர்ந்து ஓடட்டும். தொட்டியே புதிது என்றால் நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல் தொட்டித் தண்ணீரிலேயே வைத்துக் கொண்டுவந்து மாட்டினால் ஒரு மாதக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். கடையில் விற்கும் பாட்டில் பாக்டீரியாவைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

கரண்ட் போனால்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்கே காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மதியம் தாண்டித்தான் வரும். புயல் என்றால் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலுக்குப் பிறகு பல இடங்களில் நாட்கணக்கில் இருட்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மீன் வளர்ப்பவர் ஐப்பசி பிறக்கும் முன்பே இதற்குத் தயாராக வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தொட்டியின் பிளக் பாயிண்டை அந்த லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். 5 வாட் ஏர் பம்ப் பத்து மணி நேரம் ஓடினால் இழுப்பது 50 வாட்-மணிதான், 150 ஏ.ஹெச். பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பம்ப் வழக்கத்தைவிடக் கரகரப்பாகச் சத்தம் போடும், சூடும் ஏறும். கரண்ட் போகும்போது மட்டும் பம்ப் கத்துகிறது என்றால் பம்ப்பில் கோளாறில்லை, சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் அதற்கு மருந்து. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் யு.எஸ்.பி.யில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மொபைலுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கே அதைப் பல மணி நேரம் ஓட்டும். சில பவர் பேங்குகள் இழுவை குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும், அதை முன்கூட்டியே ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொட்டியிலும் வயர் நேராக சுவிட்சுக்குப் போகக்கூடாது. பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உப்புக்காற்றில் பிளக்கின் பின்கள் பச்சை பூக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை துடையுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் தண்ணீருக்குள் ஓடும் மோட்டாரை வைக்க நான் சொல்ல மாட்டேன். தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லாப் பிளக்கும் வெளியே.

எதுவுமே இல்லாமல் கரண்ட் போய்விட்டால் தீனியை நிறுத்துங்கள், மூடியைத் திறங்கள், அரை மணிக்கு ஒரு தடவை ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள். ஸ்பாஞ்ச் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும், சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். கேனிஸ்டர் அப்படியல்ல. மூடிய டப்பா, உள்ளே அழுக்கு, ஆக்ஸிஜன் கிடையாது. ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓட விடாதீர்கள். கரண்ட் போனபோதே பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவது நல்லது. டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளிருக்கும் தண்ணீரை முழுக்கச் சாக்கடையில் கொட்டி, ரிங்கையும் ஸ்பாஞ்சையும் தொட்டித் தண்ணீரில் அலசி, புதிதாகத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். அடுத்த ஒரு வாரம் தீனியைப் பாதியாக்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் அம்மோனியா சோதித்து, கால் பங்கு தண்ணீர் மாற்றி வந்தால் பாக்டீரியா திரும்ப ஏறிவிடும்.